பதிவு வேண்டாம் என்றவள்

நான் ஓய்வு பெற்ற நாளில் கந்தோரில் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். வன்னிக் குடியேற்றக் கொலனி ஒன்றில், ஒரே நாளில், ஒரு பாடசாலை மண்டபத்தில் வைத்து அத்தனை பெண்களின் கலியாணத்தைப் பதிவு செய்வித்தவள் நான் என்றார்கள். அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டே பெண்களுக்காகப் போராடியவள் என்றார்கள். நான் கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த மண்டபத்தில் கையெழுத்து வைத்த ஒருத்தியைப் பற்றி மட்டும் அவர்களுக்குத் தெரியாது. நானும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் அதிகம். சீதனத்துக்கு எதிராகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, அது என் பெயரோடு வெளிவந்தபோது அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. யாழ்ப்பாணத்தில் எந்த மாதர் கூட்டம் நடந்தாலும் போய் முன்வரிசையில் இருப்பேன். பெண்ணுக்குச் சொத்து வேண்டும், விதவைக்கு மறுமணம் வேண்டும் என்று மேசையில் அடித்துப் பேசுவேன். இந்த வாயைக் கேட்ட எந்த மாப்பிள்ளை படலை திறந்து உள்ளே வருவான் என்று அம்மா அழுவா. உண்மையில் ஒருவரும் வரவில்லை. கிராம அபிவிருத்தி வேலைக்குப் பெண் உத்தியோகத்தர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன், கிடைத்தது. கூட்டத்தில் கத்திக்கொண்டு திரிந்தவளுக்கு அரசாங்கம் ஒரு கதிரை கொடுத்து இருத்திவிட்டது என்று கூட்டாளிகள் நக்கலடித்தார்கள். வெளியில் நின்று கத்துவதைவிட உள்ளே போய் ஒரு பைலைத் திறப்பது மேல் என்று நான் சொன்னேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய நாள் இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் வன்னிக்குப் போட்டார்கள். கனகராயன்குளத்தில் பஸ் இறக்கிவிடும். அங்கிருந்து உள்ளே போக கிறவல் தெரு. ட்ராக்டர் வந்தால் பெட்டியில் ஏறலாம், வராவிட்டால் சைக்கிள்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் சைக்கிள் ஓடுவதைப் பார்க்கவென்றே முதல் மாதம் ஆட்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். பழைய குளம் ஒன்றைத் திருத்தி, காட்டை வெட்டி, யாழ்ப்பாணப் பக்கத்தில் காணி இல்லாமல் இருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றியிருந்தார்கள். குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வீடு. அதற்கு ஒரு அனுமதிப்பத்திரம் கொடுப்பார்கள். சனம் அதைப் பேமிற் என்று சொல்லும். பேமிற்றில் வீட்டு ஆண்பிள்ளையின் பெயர் இருக்கும். அவர் செத்தால் காணி யாருக்கு என்று கீழே இன்னொரு பெயர் இருக்கும். அந்த ஆளைப் பின்னுரித்தாளி என்பார்கள். அந்த இடத்திலும் பெரும்பாலும் ஓர் ஆண்பிள்ளையின் பெயர்தான். காடு வெட்டியதும் வேர் கிளப்பியதும் யானைக்குப் பயந்து தீ மூட்டிக் காவல் இருந்ததும் இரண்டு பேரும். பேப்பரில் மட்டும் ஒருத்தர்.

என் வேலை மாதர் சங்கம் நடத்துவது. தையல், பிள்ளை வளர்ப்பு, வீட்டுத் தோட்டம் என்று மேலிடம் பட்டியல் தந்திருந்தது. நான் அதோடு கையெழுத்து வைக்கப் பழக்குவதையும் சேர்த்துக்கொண்டேன். மேலிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வகுப்புக்கு வந்தவள்தான் அவள். பூநகரிப் பக்கத்தில் பிறந்தவள், என் வயதுதான் இருக்கும். யாழ்ப்பாணத்தான் ஒருவனைப் பதிந்து கட்டி, அவனோடு கொலனிக்கு வந்திருந்தாள். நாலு வயதில் ஒரு மகள். மெலிந்த உடம்பு, ஆனால் நெல்லு மூட்டையை ஒரே தூக்கில் தோளில் ஏற்றுவாள். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். என்னை வைத்துச் சிரிப்பதென்றால் அவளுக்கு நல்ல விருப்பம்.

"மிஸ், உங்களுக்கு அந்தச் சைக்கிளை விட்டுட்டு ஒரு எருமையிலை ஏறி வாறது சுகம். விழுந்தாலும் அது நிண்டு பாக்கும்" என்பாள்.

இந்த மாதிரி என்னோடு பேச அங்கே வேறு ஒருத்திக்கும் துணிவு இல்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போனது.

நான் போன அடுத்த வருடம் அவளுடைய புருஷன் செத்துப்போனான். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் ட்ராக்டர் பெட்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை குடியேற்ற உத்தியோகத்தர் அவளைக் கூப்பிட்டு, காணி இனி யாழ்ப்பாணத்தில் இருக்கிற கொழுந்தனுக்குப் போகும் என்று சொன்னார். பேமிற் எடுத்தபோது மகள் கைக்குழந்தை. பெண்பிள்ளை கட்டிப் போய்விடும் என்று சொல்லி, புருஷன் தன் தம்பியின் பெயரைப் பின்னுரித்தாளியாகக் கொடுத்திருந்தான். அவள் வெள்ளைச் சேலையோடு என் குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். அன்றைக்குச் சிரிப்பும் இல்லை, பகிடியும் இல்லை.

"அந்த வயலிலை எந்த இடத்திலை கல்லு, எந்த இடத்திலை சேறெண்டு எனக்குத் தெரியும் மிஸ். அவருக்குக் கூடத் தெரியாது. எழும்பிப் போவெண்டா நான் எங்கை போறது?"

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குப் போய் காணிச் சட்டப் புத்தகத்தை வாங்கி, அங்கேயே ஒரு மூலையில் இருந்து வாசித்தேன். ஆங்கிலம், அதுவும் சட்ட ஆங்கிலம். எனக்கு வேண்டியது அதில் இருந்தது. பின்னுரித்தாளியாக யாரை எழுதியிருந்தாலும், இறந்தவரின் மனைவி தன் காலம் முழுவதும் காணியை வைத்திருக்கலாம். அவளுக்குப் பிறகுதான் மற்றவன். அந்தப் பிரிவைப் பென்சிலால் எழுதி எடுத்துக்கொண்டு குடியேற்ற உத்தியோகத்தரிடம் போனேன். அவர் கெட்டவர் அல்ல, சட்டத்தை அவரும் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பெண் புத்தகத்தோடு வந்து நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஐந்து மாதம் இழுத்தடித்தார். நான் விடவில்லை. கச்சேரிக்கு நான் நடந்த நடையில் பியோன் என்னைக் கண்டால் கேட்காமலே பைலை எடுத்து வைக்கத் தொடங்கினான்.

கடைசியில் பேமிற்றில் அவளுடைய பெயர் ஏறியது. அந்தக் கொலனியில் பெண்ணின் பெயர் ஏறிய முதல் பேமிற் அதுதான். நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது, என் வகுப்பில் பழகிய எழுத்துக்களைக் கொண்டு அவள் தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். பிறகு என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மூன்று ஏக்கரையும் சுற்றிக் காட்டினாள். வரம்பில் என் செருப்பு வழுக்கியது, அவள் பிடித்துக்கொண்டாள்.

"இனி ஒருத்தரும் என்னை எழும்பச் சொல்லேலாது, என்ன மிஸ்?"

"ஏலாது" என்றேன். "நீர் சாகும்வரைக்கும் இது உம்மடை."

அரசாங்க வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டாலும் அந்தப் பின்னேரத்துக்கு ஈடாகாது.

அந்தக் கொழுந்தன் ஒன்றும் சண்டைக்கு வரவில்லை. அடுத்த காலபோக நெற்செய்கைக்கு உழ ஆள் இல்லை என்று அவளே சொல்லி அனுப்ப, அவன் வந்து நின்று உழுதான், விதைத்தான். அறுவடைக்கும் நின்றான். பிறகு போகவே இல்லை. அமைதியான பெடியன், அவளுடைய மகளைத் தோளில் வைத்துக்கொண்டு குளக்கட்டில் நடப்பான். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். தையல் துணியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"மிஸ், ஏசக் கூடாது. நான் இவரின்ரை தம்பிக்குச் சோறு குடுத்துட்டன்."

வன்னியில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. மேளம் இல்லை, ஐயர் இல்லை. நாலு பேரைக் கூப்பிட்டு, பெண் தன் கையால் சமைத்து ஆணுக்குச் சோறு போட வேண்டும். அவன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டால் அவர்கள் புருஷனும் பெண்சாதியும். 'சோறு குடுத்தாச்சு' என்று ஊர் ஒத்துக்கொள்ளும். ஏழைச் சனத்துக்கும் இரண்டாம் முறை கட்டுகிறவர்களுக்கும் அது பெரிய ஆறுதல்.

நான் ஏன் ஏசப் போகிறேன்? விதவை மறுமணம் என்று மேசையில் அடித்தவள் அல்லவா! அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுதாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். வெள்ளைச் சேலையை அவள் ஏற்கெனவே விட்டிருந்தாள், நான்தான் கவனிக்கவில்லை.

ஆனால் எனக்குள் இருந்த உத்தியோகத்தர் உடனே எழும்பிவிட்டாள். "எப்ப பதியப் போறியள்?" என்று கேட்டேன்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அதே கொலனியில் வேறொரு பெண், சோறு கொடுத்துப் பத்து வருடம் வாழ்ந்தவள். புருஷன் மரம் விழுந்து செத்தபோது, பதிவு இல்லாதபடியால் நீ அவனுடைய மனைவியே அல்ல என்று சொல்லி அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் எந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போயும் பலன் இல்லை. அவள் இரண்டு பிள்ளைகளோடு ட்ராக்டரில் ஏறிப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து பதிவு, பதிவு என்று எனக்கு ஒரு பேய் பிடித்துவிட்டது. சங்கத்தில் அதைத்தான் பேசினேன். வீடு வீடாகப் போய் அதைத்தான் சொன்னேன். பெண்கள் சம்மதித்தார்கள், ஆண்கள் முணுமுணுத்தார்கள். கச்சேரியின் தலைவரான ஏஜண்டர் ஐயாவுக்கு இந்த யோசனை பிடித்துப் போய், எல்லாரையும் ஒரே நாளில் பாடசாலையில் வைத்துப் பதியலாம், தானே வருகிறேன் என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அவள் மட்டும் வேண்டாம் என்றாள்.

"சோறு குடுத்தது ஊருக்குத் தெரியும் மிஸ். போதுமே. ஏன் எழுத்து?"

"நாளைக்கு அவன் இல்லையெண்டு சொன்னா என்ன செய்வீர்?"

"சொன்னா அவர் போகட்டும். வீடு என்ரை, வயல் என்ரை. அவர்தான் உடுப்பை எடுத்துக்கொண்டு போக வேணும்."

இப்போது யோசித்தால், அந்தக் கொலனியிலேயே தெளிவாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். அப்போது எனக்கு அது அறியாமையாகப் பட்டது. நான் அவள் வீட்டுக்கு மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம் போனபோது அவள் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தது. எனக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது.

"பிறக்கிற பிள்ளைக்குத் தகப்பன்ரை பேர் வேண்டாமோ? ஊர்ப்பேச்சுக் கேக்க வைக்கப் போறீரோ?" என்று கேட்டேன். அதோடு விட்டேனா? "பேமிற்றுக்கு நான் அந்த ஓட்டம் ஓடினது உமக்காகத்தானே. இதிலை என்ரை சொல்லைக் கேக்க மாட்டீரோ?"

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

"எழுத்தெண்டா எனக்கு ஒரு பயம் மிஸ். என்னெண்டு சொல்லத் தெரியேல்லை. ஆனா நீங்கள் சொன்னா சரி" என்றாள்.

பாடசாலையில் மாவிலை தோரணம் கட்டினோம். ஏஜண்டர் ஐயா வந்தார், படம் பிடிப்பவர் ஒருவரும் வந்தார். விவாகப் பதிவுகாரர் பெரிய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிட்டார். பேரப்பிள்ளை கண்ட கிழவி ஒருத்தி வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தபோது மண்டபமே சிரித்தது. கன பேர் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள். அவள் பேனையைக் கேட்டு வாங்கி, நான் பழக்கிய மாதிரி, முழுப் பெயரையும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சரியாக எழுதியிருக்கிறேனா என்று கேட்கும் பார்வை. நான் தலையாட்டினேன்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு நாளும் என்ன செய்தோம் என்று நாட்குறிப்பு எழுதி மாதக் கடைசியில் கச்சேரி வழியாக மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற நாட்களில் நான் அதை இரண்டு வரியில் முடித்துவிடுவேன். அன்றைக்கு இரண்டு பக்கம் எழுதினேன். அது போதாதென்று, பதிந்த ஒவ்வொரு சோடியின் பெயரையும், அவர்களின் காணி இலக்கத்தையும், முன்பு கலியாணம் கட்டியவர்களா என்பதையும் அழகாகக் கட்டம் போட்டு எழுதி இணைத்தேன். அவளுடைய பெயருக்கு நேரே, 'விதவை, மறுமணம்' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன். பெருமையில் போட்ட கோடு அது. அப்படி எழுதச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. தலைமைக் கந்தோரில் பெண்கள் வேலைகளைப் பார்க்கும் பகுதிக்குப் பதவி உயர்வோடு மாற்றம். எல்லாரும் வாழ்த்தினார்கள். ஒப்படைக்க வேண்டிய பைல்களைக் கொண்டு கச்சேரிக்குப் போனேன். காணிப் பகுதிக் கிளாக்கர் என்னைக் கண்டு எழும்பி நின்றார். நல்ல மனிதர், மரியாதையான ஆள்.

"மிஸ், உங்கடை பட்டியல் எங்களுக்குப் பெரிய உதவி. ஒரு பேமிற்றைத் திருத்த வேண்டி வந்தது. நீங்கள் எழுதியிராட்டி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். நான் முன்பு பென்சிலால் பிரதி எடுத்த அதே பக்கம். அதற்கு அடுத்த பிரிவு. காணியை வைத்திருக்கும் விதவை மறுபடி கலியாணம் செய்தால் அவளுடைய உரிமை அன்றோடு முடியும். காணி பின்னுரித்தாளிக்குப் போகும்.

நான் அதைப் புதிதாகப் பார்த்தேன் என்று சொன்னால் மனச்சாட்சி கேட்காது. ஐந்து மாதச் சண்டையின்போது அந்த வரியையும் நான் வாசித்திருந்தேன். வாசித்துவிட்டு அப்பால் போய்விட்டேன். என் முன்னால் அவள் வெள்ளைச் சேலையோடு நின்றாள். ஊர் ஊராக மறுமணம் பேசிய எனக்கு, அவள் இன்னொருவனைக் கட்டக்கூடும் என்ற நினைப்பே அன்று வரவில்லை. பிறகு அவள் கட்டியபோது அந்த வரி நினைப்பில் இல்லை. சோறு கொடுத்த கலியாணம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்த வரைக்கும் அவளுடைய காணி அவளுடையதாக இருந்தது. நான்தான் அவளைக் கையில் பிடித்துக்கொண்டுபோய்ச் சட்டத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

அந்தப் பட்டியலைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டேன். கிளாக்கர் திகைத்துப் போனார். பதிவுப் புத்தகம் இருக்கிறதே, பட்டியலை எடுத்து என்ன பயன் என்றார். மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் பைலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் இவ்வளவு பதட்டம் மிஸ்? பின்னுரித்தாளி ஆர்? அவளின்ரை புருஷன்தானே. காணி வீட்டை விட்டு எங்கை போகுது? அண்டைக்கு அவளின்ரை பேர், இண்டைக்கு அவன்ரை பேர். அதே வயல், அதே அடுப்பு."

கந்தோரில் கேட்ட எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். எனக்கும் அதை நம்ப வேண்டிய தேவை இருந்தது. அந்தப் பெடியன் நல்லவன், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறவன், ஒன்றும் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புறப்படுவதற்கு முன் கொலனிக்கு ஒரு தரம் போனேன். சங்கப் பெண்கள் பலகாரம் சுட்டு வைத்திருந்தார்கள். அவள் நிறைமாதம். முதுகைப் பிடித்துக்கொண்டு எனக்காகப் பயற்றம் பணியாரம் கொண்டுவந்தாள். கச்சேரிக் கடிதம் இன்னும் அவள் கைக்கு வரவில்லை. என்னால் சொல்லியிருக்க முடியும். பணியாரம் நல்ல ருசி என்று சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். பிறகு பஸ் ஏறினேன்.

கொழும்பில் எனக்கு மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை கிடைத்தது. பெண்கள் தினக் கூட்டங்களில் பேசினேன். அறிக்கைகள் எழுதினேன். கடமை தவறியவள் என்று ஒருவரும் என்னைச் சொல்ல முடியாது. தொழிற்சாலைப் பெண்களின் பிரசவ லீவு, ஆசிரியைகளின் இடமாற்றம் என்று எத்தனையோ பைல்களைத் திறந்து முடித்தும் இருக்கிறேன். விதவையின் காணி பற்றிய அந்தப் பிரிவை மாற்ற வேண்டும் என்றும் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். இரண்டாம் வருடம் அது ஒரு குழுவுக்கு முன் வந்தது. தலைமையில் இருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, இதனால் உண்மையில் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றார்.

எனக்கு ஒருத்தியைத் தெரியும். அவளுடைய காணி இலக்கம்கூட மனப்பாடம். ஆனால் அந்தப் பைலைக் கேட்டு எடுத்தால் மேலேயே என் கையெழுத்தில் என் பட்டியல் இருக்கும், அடிக்கோட்டோடு. என்னைக் கொழும்புக்குக் கொண்டுவந்ததே அந்த வேலைதான். நான் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் நீளம் என்று ஏசிய வாய், திறக்க வேண்டிய ஒரே ஒரு இடத்தில் மூடிக்கொண்டது. உதாரணம் இல்லாதபடியால் குறிப்பைத் தள்ளி வைத்தார்கள்.

அறுபதுகளின் நடுவில், மாதர் நிலையம் ஒன்று தொடங்க இடம் பார்க்கவென்று பூநகரிக்குப் போனேன். வேலை முடிந்து தெருவோரத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே பஸ் வந்தால் வந்ததுதான். கடலேரிப் பக்கமிருந்து கருவாட்டுக் கடகத்தோடு ஒருத்தி வந்தாள், பின்னால் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பெண்பிள்ளை. கடகத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"மிஸ்!" என்று ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். "என்ரை மிஸ்!"

முகம் காய்ந்து, முன்பல் ஒன்று இல்லாமல், என்னைவிடப் பத்து வயது மூத்தவளாகத் தெரிந்தாள். சிரித்தபோது கண் மூடிக்கொண்டது, அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அவளாகவே சொன்னாள். நான் போன பிறகு கடிதம் வந்தது, காணி அவனுடைய பெயருக்கு மாறிவிட்டது என்று. முதல் வருடம் ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு அவனுடைய தாயும் சகோதரிகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வரத் தொடங்கினார்கள். ஆம்பிளையின் காணியில் அண்ணன் பெண்சாதி என்ன அதிகாரம் பண்ணுகிறாள் என்று தொடங்கியது. அவனும் மெல்ல மெல்ல அவர்களின் வாயாலேயே கதைக்கத் தொடங்கினான். பிறகு தங்கள் பக்கத்தில் ஒரு இளம் பெண்ணைப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். அதே குசினியில் அவளைக் கொண்டு அவனுக்குச் சோறு கொடுப்பித்தார்கள்.

"நான் கேட்டன், இது என்ரை வீடு எண்டு. இல்லை, இது என்ரை வீடு எண்டு பேமிற்றைக் காட்டினார். நான் வாசிச்சன் மிஸ். நீங்கள் பழக்கின எழுத்துத்தானே. அவரின்ரை பேர்தான் கிடந்தது."

"அந்தப் பிள்ளை? வயித்திலை இருந்த பிள்ளை?"

"பெடியன் மிஸ். காணிக்கு ஆம்பிளைப் பிள்ளை வேணுமெண்டு தங்களோடை மறிச்சு வைச்சிட்டினம். பேமிற்றிலை கீழை அவன்ரை பேரை எழுதியாச்சாம். நான் போய்ப் படலைக்கு வெளியிலை நிண்டு பாத்துட்டு வாறனான். இப்ப என்னைத் தெரியாது அவனுக்கு." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் மறைத்தது. அவள் தன் சேலைத் தலைப்பை எடுத்து என் பக்கம் நீட்டினாள், கருவாட்டு மணம் என்று நினைத்துக்கொண்டு பிறகு இழுத்துக்கொண்டாள்.

"கச்சேரிக்கு ஓடிப் போய் உங்களைக் கேட்டனான். மிஸ் இடம் மாறிப் போட்டா எண்டிச்சினம். எனக்குக் கலியாணப் பதிவு நடந்ததை ஆரோ வேணுமெண்டு எழுதிப் போட்டுட்டினமாம், அதாலைதான் காணி போனதெண்டு ஒரு கிளாக்கர் சொன்னார். ஆரெண்டு அவர் சொல்லேல்லை. எனக்குத் தெரியும் மிஸ், பக்கத்துக் காணிக்காரிதான். என்ரை தண்ணி வாய்க்காலிலை அவளுக்கு எப்பவும் ஒரு கண். என்ரை பிள்ளைக்குப் பால் குடுத்தவள். என்னோடை ஒரு தட்டிலை சாப்பிட்டவள். அவளின்ரை முகத்திலை நான் பிறகு முழிக்கேல்லை. அவள் செத்த வீட்டுக்கும் நான் போகேல்லை."

பக்கத்துக் காணிக்காரியை எனக்கும் தெரியும். அவளும் அதே மண்டபத்தில், இவளுக்குப் பின்னால் நின்று, பெருவிரல் வைத்தவள். வாசிக்கவே தெரியாதவள் எழுதிப் போடுவது எப்படி? இதைக்கூட நான் சொல்லவில்லை. அவள் நல்லவள், அவள் எழுதவில்லை, எழுதியது நான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரியத் தொடங்கியது. அவள் என் கையை விடவில்லை.

"நீங்கள் மாறிப் போனபடியாலைதான் மிஸ் எனக்கு இப்பிடி நடந்தது. நீங்கள் இருந்திருந்தா விட்டிருப்பியளே?"

பஸ் கிட்ட வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விட்டிருக்க மாட்டன்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு திரும்பி மகளைக் கூப்பிட்டாள். "இஞ்சை வா பிள்ளை. நான் சொல்லுற மிஸ் இவாதான். கும்பிடு."

அந்தப் பிள்ளை கிட்ட வந்து இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள்.